பாலைமரப் பட்டையில் ஒரு பூச்சி: உருமறைப்பை அடியிலிருந்து விளங்கிக்கொள்ள

வன்னியில் உருமறைப்பு என்ற சொல்லைத் தெரியாதவர்கள் இல்லை. போர்க்காலத்தில் வாகனத்துக்கு மேல் குழை கட்டியதிலிருந்து தறப்பாளில் சேறு பூசியது வரை எல்லாரும் கண்ட காரியம் அது. ஆனாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், "பச்சை உடுப்புப் போட்டால் காட்டுக்குள் தெரியாது" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்துப்பூச்சிகள் பச்சோந்திபோல நிறம் மாற்றுகின்றன என்று சிலர் சொல்வார்கள். ஒளிந்திருக்கும் பூச்சி எல்லாவற்றையும் "போலி செய்கிறது" என்று ஒரே பெயரில் அழைப்பவர்களும் உண்டு. இந்த மூன்றும் பிழை. பறவை பார்க்கவோ விலங்குகளைப் படம் எடுக்கவோ குளக்கரையில் காத்திருக்கும் இளையவர்கள் இப்போது பலர். அவர்கள் வெறுங்கையோடு திரும்புவதற்குப் பெரும்பாலும் இந்தப் பிழைகளே காரணம்.

அந்துப்பூச்சி என்றதும் நெல் மூட்டையிலிருந்து பறக்கும் சின்ன அந்துதான் நினைவுக்கு வரும். அதுவும் இந்தக் கூட்டந்தான். ஆனால் வண்ணத்துப்பூச்சிகளை நீக்கிவிட்டால், செதிள் இறகுள்ள பூச்சிகளில் எஞ்சும் எல்லாமே அந்துப்பூச்சிகள். இரவில் விளக்குக்கு வருபவை பெரும்பாலும் இவைதான். இவற்றில் அதிகமானவை இரவில் பறந்து பகலில் அசையாமல் கிடப்பவை. பகல் முழுக்கக் குருவிகளின் கண்ணுக்கு முன்னால் தப்பிக் கிடக்க வேண்டியிருப்பதால், மறைவதில் இவற்றுக்கு நிகரான உயிர்கள் குறைவு.

சுளகில் கல் பொறுக்குவது

மொட்டைக்கறுப்பன் சிவப்பரிசியைச் சுளகில் பரப்பிக் கல் பொறுக்கிப் பாருங்கள். வெள்ளைக் கல் உடனே கண்ணில் படும். அதே கல் வெள்ளைப் பச்சையரிசிக்குள் கிடந்தால் பல்லில் கடிபடும்வரை தெரியாது. கல் மாறவில்லை, அதைச் சுற்றியிருப்பதுதான் மாறியது. உருமறைப்பின் முதற்பாடம் இது. எந்த நிறத்துக்கும் தானாக மறைக்கும் சக்தி இல்லை. பின்னால் இருப்பதோடு சேர்ந்துதான் ஒரு நிறம் மறைக்கும், அல்லது காட்டிக்கொடுக்கும். உடலின் நிறமும் வெளிச்ச அளவும் கோலமும் பின்னால் இருப்பதோடு ஒத்துப்போவதைப் பின்புல ஒப்பு என்று சொல்வோம்.

இதற்கு உலகம் அறிந்த சாட்சி இங்கிலாந்தின் மிளகுப்புள்ளி அந்துப்பூச்சி. வெள்ளை இறகில் மிளகுத்தூள் தூவினதுபோல இருக்கும். பாசிப்பூஞ்சை படிந்த வெளிறிய மரப்பட்டையில் அமர்ந்தால் கண்டுபிடிப்பது கடினம். தொழிற்சாலைப் புகை மரங்களின் பூஞ்சையைக் கொன்று பட்டையைக் கறுப்பாக்கிய காலத்தில், 1848 இல், மான்செஸ்டரில் முழுக் கறுப்பு வடிவம் ஒன்று பதிவானது. 1895 அளவில் அந்த நகரில் ஏறத்தாழ 98 விழுக்காடு கறுப்புப் பூச்சிகளாகிவிட்டன. 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காற்றுத் துப்புரவானதும் வெள்ளை வடிவம் திரும்பவும் பெருகியது.

இங்கேதான் அதிகமானவர்கள் வழுக்குகிறார்கள். எந்தப் பூச்சியும் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வெள்ளையாகப் பிறந்தது வெள்ளையாகவே செத்தது. பின்புலத்துக்கு ஒவ்வாத பூச்சிகளைக் குருவிகள் கூடுதலாகத் தின்றன. ஒத்துப்போனவை தப்பி முட்டையிட்டன. தலைமுறை தலைமுறையாக எண்ணிக்கைதான் மாறியது. இதைச் சிலர் சந்தேகித்தபோது கேம்பிரிட்ஜில் மரபியலாளர் மைக்கல் மஜெரஸ் 2001 முதல் 2007 வரை 4,864 பூச்சிகளை வைத்து மறுபடியும் சோதித்தார். துப்புரவான அந்தச் சூழலில் கறுப்புப் பூச்சிகளே பறவைகளுக்குக் கூடுதலாக இரையாயின. அவர் இறந்தபின், 2012 இல், அந்த முடிவுகள் வெளியாயின.

வன்னிக்கு இதை எப்படிப் பொருத்துவது? இங்குள்ள காடு உலர்வலயத்து என்றும்பசுமைக் காடு. பாலையும் வீரையும் கோடையிலும் பச்சையாகவே நிற்கும். அவற்றின் அடியில் உள்ள புல்லும் பற்றையும் வைகாசி தாண்டினால் வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும். மார்கழியில் அதே இடம் கண் கூசும் பச்சை. ஆகவே நின்ற உயரத்தில் பின்புலம் பச்சையாகவும், குந்தியிருக்கும் உயரத்தில் மண்ணிறமாகவும் இருக்கும் மாதங்கள் பல. ஆள் குந்தியிருப்பது மண்ணிறப் பகுதியில்தான். கோடையில் பச்சை உடுப்பு காட்டிக்கொடுப்பது இதனாலேயே.

சுருக்கிச் சொன்னால்: மறைவு என்பது பொருளில் மட்டும் இல்லை. பொருளுக்கும் பின்புலத்துக்கும் உள்ள உறவில் இருக்கிறது. பருவம் மாறினால் அந்த உறவும் மாறும்.

விளிம்பை உடைப்பது

நிறம் சரியாக அமைந்தாலும் ஆள் தெரிவதுண்டு. ஏனென்றால் கண் முதலில் தேடுவது நிறத்தை அல்ல, விளிம்பை. தலை, தோள், அதன் கீழே இடுப்பு என்று ஓடும் கோட்டைக் கண்டவுடனே மூளை "மனிதன்" என்று முடிவுகட்டிவிடும்.

நண்பகலில் வேப்பமர நிழலில் படுத்திருக்கும் ஆடுகளைத் தூரத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். முழுக் கறுப்பு ஆட்டை உடனே எண்ணிவிடலாம். கறுப்பும் வெள்ளையும் பெரிய திட்டாக உள்ள ஆட்டைத் தவறவிடுவோம். வெள்ளைத் திட்டு இலையிடுக்கால் விழுந்த வெயிலோடு சேர்ந்துவிடும். கறுப்புத் திட்டு நிழலோடு போய்விடும். நடுவில் இருந்த ஆடு இரண்டு துண்டாகி இல்லாமல் போகும். இப்படி உடலின் வெளிக்கோட்டைத் துண்டுதுண்டாக வெட்டிக் காட்டும் கோலத்துக்கு விளிம்புடைப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அந்துப்பூச்சிகளின் முன்னிறகைக் கிட்ட வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். இறகின் குறுக்கே ஓடும் கருங்கோடுகள் பல இறகின் ஓரத்துக்கு முன்னால் நின்றுவிடுவதில்லை, ஓரத்தைத் தொட்டு வெட்டிக்கொண்டு வெளியே போகின்றன. இது தற்செயலா என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2005 இல் வெளியிட்டார்கள். கடதாசியில் முக்கோண வடிவப் போலிப் பூச்சிகள் செய்து, அடியில் ஒரு புழுவை வைத்து, ஓக் மரங்களில் குத்திவிட்டார்கள். எல்லாவற்றிலும் ஒரே நிறங்கள். ஒரு வகையில் திட்டுகள் ஓரத்தைத் தொட்டன, இன்னொன்றில் உள்ளுக்குள்ளேயே நின்றன. ஓரத்தைத் தொட்டவையே பறவைகளிடம் கூடுதலாகத் தப்பின.

ஒளிந்திருக்கக் கட்டும் மறைப்புத் துணிக்குச் சாயமிடுபவர்கள் இந்த ஒன்றை மனத்தில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. நடுவில் அழகாகப் புள்ளி வைத்து ஓரத்தை வெறுமையாக விட்டால், அந்த ஓரம் சட்டம் போட்ட படம்போல எடுத்துக்காட்டும்.

இன்னொரு கோளாறு புள்ளியின் அளவு. அருகில் நின்று பார்க்கும்போது நுணுக்கமான இலைக்கோலம் அற்புதமாகத் தெரியும். 30 மீற்றருக்கு அப்பால் அந்தச் சின்னப் புள்ளிகள் எல்லாம் கண்ணில் கலந்து ஒரே கரும்பொட்டலமாகிவிடும். பொட்டலத்துக்கு மனித உருவம் இருந்தால் அது மனிதன்தான். அதனால் 20, 30 மீற்றர் தூரத்திலிருந்து மறைய வேண்டியவர்களுக்குக் குறைந்தது இரண்டு உள்ளங்கை அகலம், அதாவது 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரையான திட்டுகள் வேண்டும். அடுத்தடுத்த திட்டுகளுக்கிடையில் வெளிச்ச வேறுபாடும் தெளிவாக இருக்க வேண்டும்.

திசையும் முக்கியம். கொரியாவில் நடந்து 2012 இல் வெளியான ஓர் ஆய்வு அந்துப்பூச்சிகள் பட்டையில் இறங்கியபின் என்ன செய்கின்றன என்று பார்த்தது. இறங்கிய இடத்திலேயே அவை கிடந்துவிடுவதில்லை. சற்று நடந்து, உடலைத் திருப்பி, இன்னும் நன்றாக மறையும் நிலைக்குப் போய் அமர்கின்றன. மனிதர்களைத் தேடச் சொல்லி அளந்தபோது, இறங்கிய கணத்தைவிட அமர்ந்தபின் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது. பாலைமரப் பட்டையில் ஆழமான வெடிப்புகள் மேலிருந்து கீழாக ஓடும். சம்புப் புல்லும் நிமிர்ந்தே நிற்கும். அங்கே துணியின் கோடுகள் குறுக்காக ஓடினால் நல்ல துணியும் வீண். 90 பாகை திருப்பிக் கட்டுவதற்குச் செலவில்லை.

இதுவரை: பின்புல ஒப்பு உடலைச் சூழலோடு சேர்க்கிறது, விளிம்புடைப்பு உடலின் வடிவத்தைக் கலைக்கிறது. இரண்டும் வேண்டும்.

நிழல் காட்டிக்கொடுக்கும்

பிள்ளைகள் பந்து வரையும்போது வட்டம் போட்டு ஒரு பக்கத்தைக் கறுப்பாக்குவார்கள். உடனே அது உருண்டையாகத் தெரியும். கண் உருட்சியை அறிவது நிழலால்தான். வெயில் மேலிருந்து விழுவதால் எந்த உடலுக்கும் மேற்பக்கம் வெளிச்சமாகவும் வயிற்றுப்பக்கம் இருளாகவும் இருக்கும். இதைச் சமப்படுத்த, பல விலங்குகளுக்கு முதுகு கருமையாகவும் வயிறு வெளிறியும் அமைந்திருக்கிறது. இதுதான் எதிர்நிழல். இதை முதலில் தெளிவாக எடுத்துச்சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்க ஓவியர் அபட் தேயர். ஓவியர் என்பதால்தானோ என்னவோ, அவர் கண்ணுக்கு அது பட்டது.

கிளையில் தலைகீழாகத் தொங்கி வாழும் சில பருந்து அந்துப்பூச்சிப் புழுக்களில் இது திருப்பிப் போடப்பட்டிருக்கிறது: வயிறு கருமை, முதுகு வெளிறல். மேலே இருப்பது வயிறு என்பதால் கணக்குச் சரியாகிறது.

வளர்ந்த அந்துப்பூச்சி வேறு வழியை எடுக்கிறது. இறகைப் பட்டையோடு ஒட்டத் தட்டையாக விரித்துவிடும். உடலுக்கும் மரத்துக்கும் இடைவெளி இல்லாவிட்டால் நிழல் விழ இடமில்லை. நிலத்தில் மறைப்பு அமைப்பவர் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். துணி நிலத்துக்கு இரண்டு அங்குலம் மேலே நின்றுவிட்டால், அந்த இடைவெளியில் ஒரு கருங்கோடு நேராக ஓடும். காட்டில் நேர்கோடு கிடையாது. எல்லாம் சரியாகச் செய்த மறைப்பையும் அந்த ஒரு கோடு 50 மீற்றர் தூரத்திலிருந்தே காட்டும்.

ஒளிவது வேறு, வேடம் போடுவது வேறு

இவ்வளவு நேரம் பேசியது கண்ணில் படாமல் இருப்பதைப் பற்றி. இனி வருவது கண்ணில் பட்டும் தப்புவது. இரண்டையும் குழப்புவதால்தான் "போலி" என்ற ஒற்றைச் சொல் எல்லாவற்றுக்கும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

மரக்கிளையில் ஒரு காய்ந்த சுள்ளி சாய்வாக நீட்டிக்கொண்டு நிற்கும். தொட்டால் வளையும். அது அளவுப்புழு. பின்காலால் கிளையைப் பிடித்து உடலை விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கும். குருவி அதைப் பார்க்கிறது, ஆனால் சுள்ளி என்று விட்டுவிடுகிறது. தின்ன உதவாத பொருளைப்போல இருப்பது பொருள்வேடம்.

ஒரு குளவியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்கிறோம். பகலில் மெதுவாகப் பறக்கும் சில அந்துப்பூச்சிகளுக்கு மெல்லிய உடலும், கறுப்பு மஞ்சள் வளையங்களும், கண்ணாடிபோன்ற சாளரமுள்ள இறகுகளும் உண்டு. கொட்டும் பூச்சியின் சாயலைக் கண்டு விலகுபவை விலகட்டும் என்பது கணக்கு. கெடுதல் செய்யும் இன்னோர் உயிரின் தோற்றத்தை எடுத்துக்கொள்வதுதான் சரியான பொருளில் போலியொப்புமை. அமேசன் காட்டில் 11 ஆண்டு கழித்த இயற்கையியலாளர் ஹென்றி வோல்ரர் பேற்ஸ் இதை 1862 இல் விளக்கினார். இது ஒளிவதற்கு நேரெதிர். குளவி வேடம் பலிக்க வேண்டுமென்றால் முதலில் கண்ணில் பட வேண்டும்.

வீட்டு முற்றத்திலேயே பார்க்கக்கூடியது அலரிப் புழு. அலரியிலும் நந்தியாவட்டையிலும் இலையை நரம்போடு தின்னும் தடித்த பச்சைப் புழு, வால் பக்கம் சின்னக் கொம்பு. இலைக்காம்பை ஒட்டிக் கிடக்கும்போது பச்சையில் பச்சையாகப் போய்விடும். குச்சியால் தொட்டால் தலையை உள்ளிழுத்துக் கழுத்துப்பகுதியைப் புடைக்கும். அப்போது வெள்ளை நடுவுள்ள இரண்டு நீலக் கண்வட்டங்கள் பளிச்சென்று திறக்கும். கண்ணே அல்ல அவை, வெறும் தோல் நிறம். இதிலிருந்து வரும் அந்துப்பூச்சியோ பச்சைப் பளிங்குக்கல்லில் இளஞ்சிவப்பும் வெண்மையும் ஓடவிட்டதுபோல இருக்கும். பறக்கும் அழகைவிட இலைக்கூட்டத்துக்குள் அமர்ந்திருக்கும்போது அதைத் தேடிப் பாருங்கள், விளிம்புடைப்பு என்னவென்று ஒரே நொடியில் விளங்கும்.

மாம்பழத்தையும் தோடம்பழத்தையும் இரவில் குத்திச் சாறு குடிக்கும் பெரிய அந்துப்பூச்சி இன்னும் தெளிவான பாடம். அதன் புழு சீந்தில்கொடியில் வளரும். இறகை மடித்திருக்கும்போது காய்ந்து சுருண்ட இலை, நடு நரம்புகூட இருக்கும். தொந்தரவு செய்தால் முன்னிறகு விலகி, கருந்திட்டுள்ள செம்மஞ்சள் பின்னிறகு திடீரென்று வெளிப்படும். பார்த்தவர் திடுக்கிடும் அந்த ஒரு கணத்தில் பூச்சி போய்விடும். ஒரே உடலில் மேலே மறைப்பு, கீழே மிரட்டல். மிரட்டும் நிறத்தை மூடிவைக்கத் தெரிந்திருப்பதுதான் அதன் திறமை.

மனிதருக்கு இதில் பயன்படும் பூச்சி ஒன்று உண்டு: பைப்புழு என்ற அந்துப்பூச்சிப் புழு. தான் இருக்கும் மரத்தின் குச்சியையும் இலைத் துண்டையும் பட்டுநூலால் ஒட்டிப் பை செய்து, அதைச் சுமந்துகொண்டே திரியும். வேறு மரத்துக் குச்சியைத் தேடிப் போவதில்லை. அருகில் கிடைப்பதே மிகப் பொருத்தமான உருமறைப்பு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

யாருடைய கண்ணுக்கு மறைகிறீர்கள்?

நம் கண்ணில் நிறமறியும் கூம்புக்கலங்கள் மூன்று வகை. மான் குடும்பத்தில் ஆராயப்பட்ட இனங்களுக்கு இரண்டு வகைதான். சிவப்பு, செம்மஞ்சள், பச்சை மூன்றும் அவற்றுக்கு ஏறத்தாழ ஒரே மங்கல் நிறத்தின் சாயல்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டுவிடாதிருக்கக் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் மேலங்கி அணிய வேண்டுமென்று சட்டம். அது மனிதக் கண்ணுக்குக் கொளுத்தும், மானுக்கு மங்கலாகவே தெரியும். ஆனால் நீலம் மானுக்கு நன்றாகத் தெரியும். நீல டெனிம் காற்சட்டையோடு மறைவில் இருப்பவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பறவைகளுக்கு நான்கு வகைக் கூம்புகள். பலவற்றுக்கு நாம் காணாத புறஊதா ஒளியும் தெரியும். ஆகவே நீலத்தைத் தவிர்த்துவிட்டால் மானுக்கு வெளிச்ச அளவும் கோலமும் போதும், பறவைக்கு நிறமும் சரியாக இருக்க வேண்டும்.

இங்கே எவரும் நினையாத எதிரி சலவைத்தூள். "வெண்மையை விட வெண்மை" தருவதற்காக அதில் ஒளிர்ப்பான்கள் சேர்க்கிறார்கள். அவை புறஊதாவை உறிஞ்சி நீல ஒளியாக வெளிவிடும். விடியற்கால மங்கலில், நம் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் சேட்டு மானுக்கும் பறவைக்கும் வெளிறி ஒளிரும். மறைப்புத் துணியைச் சலவைத்தூளில் ஒருமுறை போட்டாலே கெட்டது. வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள்.

காட்டுப்பன்றிக்குக் கண் பெரிய விடயமில்லை. அதன் உலகம் மூக்கு. எவ்வளவு சிறந்த துணியும் காற்று மாறினால் பன்றிக்கும் மரைக்கும் முன் செல்லாது.

அசைவு எல்லாவற்றையும் முறிக்கும். கண்ணின் ஓரப்பகுதி நிறத்திலும் கோலத்திலும் மந்தம், அசைவில் மிகக் கூர்மை. மானின் கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், பின்னால் ஒரு குறுகிய பகுதி தவிர மற்றதெல்லாம் தலை திருப்பாமலே அதற்குத் தெரியும். நுளம்பை அடிக்க எழும் கை, நிறம் தப்பிய துணியைவிடக் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கும். பட்டையில் அமர்ந்த அந்துப்பூச்சி பகல் முழுதும் ஓர் உணர்கொம்பைக்கூட அசைக்காததற்குக் காரணம் உண்டு.

வேட்டைத்துணியும் நமது சட்டமும்

மேற்கு நாடுகளில் வேட்டைக்காரர்கள் நீண்டகாலம் படைத்துணியின் எச்சத்தையே உடுத்தினார்கள். 1980களில்தான் மரப்பட்டை, கிளை, இலை ஆகியவற்றை அப்படியே பதித்த துணிகள் பரவின. றியல்ரீ, மோசி ஓக் என்ற இரண்டு துணி நிறுவனங்களும் 1986 இல் தொடங்கியவை. பட்டையோடு ஒட்டி அமரும் பூச்சியின் பின்புல ஒப்பே இவற்றின் அடிப்படை. ஆனால் அமெரிக்க ஓக் இலை பதித்த துணி பாலையடியில் அந்நியமாகத்தான் நிற்கும். அத்தோடு நுண்கோலம் தூரத்தில் பொட்டலமாகும் கோளாறும் பழைய வடிவங்கள் பலவற்றில் உண்டு.

இங்கே நிலைமை வேறு. 1937 இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மானையோ மரையையோ வேட்டையாடுவது குற்றம். தேசிய வனங்களிலும் சரணாலயங்களிலும் எந்த வேட்டைக்கும் இடமில்லை. அது சரியானதும்கூட. போரிலும் வறட்சியிலும் தப்பிய விலங்குகளைப் பார்க்கும் வாய்ப்பு இனி வரும் பிள்ளைகளுக்கும் இருக்க வேண்டும். ஆகவே கீழே சொல்வது கமராவுக்கும் தொலைநோக்கிக்கும் உரியது. படைச்சீருடையை ஒத்த பச்சைத் திட்டுத் துணியையும் தவிர்த்துவிடுங்கள். இந்த மண்ணில் அது வில்லங்கம், தேவையுமில்லை. சாக்கு அதைவிட நன்றாக வேலை செய்யும்.

எட்டுச் சாக்கில் ஒரு மறைப்பு

வேண்டியவை: பழைய சணல் சாக்கு எட்டு, ஐந்தடிக் கம்பு நான்கு, குறுக்குக் கம்பு நான்கு, சணல் கயிறு, 100 கிராம் தேயிலைத்தூள், துருப்பிடித்த ஆணி ஒரு கைப்பிடி, வினாகிரி அரைப் போத்தல். பிளாஸ்ரிக் உரப்பை வேண்டாம். அது பளபளக்கும், காற்றில் சரசரக்கும்.

ஒரு கிழமைக்கு முன்பே ஆணியை வினாகிரியில் ஊறப்போடுங்கள். மூடியை இறுக்கக்கூடாது, வாயு உண்டாகும். தண்ணீர் பழுப்பாகியதும் வடித்தெடுங்கள். இது இரும்புத் தண்ணீர்.

சாக்கின் தையலைப் பிரித்து விரித்தால் ஏறத்தாழ மூன்றரை அடிக்கு நாலரை அடித் துண்டு கிடைக்கும். தேயிலையை ஐந்து லீற்றர் தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, இரண்டு சாக்கை ஒரு இரவு ஊறவையுங்கள். அதே சாயத்தில் அடுத்த இரண்டு ஊறினால் சற்று வெளிறிய நிறம் வரும். அந்த வேறுபாடு நல்லதே. மிச்சம் நான்கையும் சாயமிடாமல் விடுங்கள்.

காய்ந்த தேயிலைச் சாக்கில் இரும்புத் தண்ணீரைப் பழந்துணியால் ஒற்றினால் சில நிமிடங்களில் கருஞ்சாம்பலாக மாறும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. பாலைப்பட்டையின் நிறத்துக்கு இதைவிடக் கிட்டிய சாயம் கடையில் கிடைக்காது. இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் குறையாமல், ஒழுங்கற்ற, மேலிருந்து கீழாக நீண்ட திட்டுகளாகப் பூசுங்கள். பாதிக்கு மேற்பட்ட திட்டுகள் துணியின் ஓரத்தைத் தொட்டு வெளியே ஓட வேண்டும். பின் தண்ணீரில் அலசுங்கள். இரும்பு கூடுதலாகத் தங்கினால் சணல் நாளடைவில் இற்றுப்போகும்.

சாயமிடாத சாக்கில் குளத்துச் சேற்றைத் தேய்த்துக் காயவிட்டு உதறுங்கள். அது எந்தக் குளமோ அந்தக் குளத்துச் சேறுதான். இரணைமடுவின் மண்ணும் மன்னார்ப் பக்கத்து மண்ணும் ஒரே நிறமில்லை.

கம்புகளை நான்கடிச் சதுரத்தில் ஓரடி ஆழம் நட்டால் நான்கடி உயரம் கிடைக்கும். சுற்றுக்கு ஐந்து சாக்கு, கூரைக்கு இரண்டு, மிச்சம் ஒன்றை இரண்டங்குலக் கீற்றாகக் கிழித்து மூலைகளில் தொங்கவிடுங்கள். மூலைக் கம்பின் நேர்கோட்டைக் கலைக்க இது அவசியம். சுவர்ச் சாக்கு நாலரை அடி என்பதால் அரை அடி நிலத்தில் படியும். அதன்மேல் சருகையும் மண்ணையும் போட்டு மூடுங்கள். நிழற்கோடு மறைந்துவிடும்.

பார்க்கும் துளை எட்டங்குல அகலம், ஆறங்குல உயரம் போதும். அதற்குப் பின்னால் கறுப்பு வலை. பின்சுவர் வெளிச்சம் புகாமல் மூடியிருக்க வேண்டும். பின்னால் ஒளி வந்தால் துளைவழியே உங்கள் தலை நிழற்படமாகத் தெரியும். இந்தப் பிழை மிகப் பரவலானது.

குழை கட்டுவதானால் அங்கேயே உள்ள பற்றையிலிருந்து கொஞ்சம். இலையின் அடிப்பக்கம் வெளிறியது என்பதால் மேற்பக்கம் வெளியே தெரியக் கட்டுங்கள். காலையில் வெட்டிய குழை வன்னி வெயிலில் மதியத்துக்குள் வாடிச் சுருளும். அடுத்த நாள் மாற்றாவிட்டால் குழை இல்லாமல் விட்டதே மேல்.

சோதிப்பதற்கு 25 கவடு விலகிப் போய்க் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று எடுங்கள். நிறத்தை எடுத்துவிட்டால் வெளிச்சப் பிழைகள் உடனே தெரியும். மறைப்பு முழுவதும் பின்புலத்தைவிடக் கறுத்துத் தெரிந்தால் சேறு கூட்ட வேண்டும். வெளுத்துத் தெரிந்தால் இரும்புத் தண்ணீர்.

எங்கே வைப்பது

குளக்கட்டின்மேல் எந்த மறைப்பும் பலிக்காது, பின்னால் வானம். பற்றைக்குப் பின்னால் ஒளிவதைவிட, பற்றைக்கு முன்னால் அதன் நிழலில் அமர்வது நல்லது. பின்புலம் உங்களை விழுங்கிக்கொள்ளும். வங்காலைச் சரணாலயம்போன்ற திறந்த சேற்றுவெளியில் நான்கடி உயர மறைப்பே பொருந்தாது. அங்கே படுத்த நிலையில் சேற்று நிறச் சாக்கு ஒன்று போதும். கூடு கட்டும் மரங்களுக்கு அருகே எதையும் அமைக்காதீர்கள். தாய்ப்பறவை எழுந்துபோனால் வெயிலிலும் காகத்தாலும் குஞ்சுகள் போய்விடும். சரணாலயத்துக்குள் எதை அமைப்பதானாலும் முதலில் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும் மாதங்களில் விலங்கு வரும் பாதைக்கு வடகிழக்கே இருங்கள். வாடைக் காலத்தில் தென்மேற்கே. பாலை பழுக்கும் மாதங்களில் பாலையடியை விட்டுவிடுங்கள், கரடி வரும். யானைத்தடத்தில் மறைப்பு நடவே கூடாது. மறைந்திருக்கும் மனிதன்மேல் திடீரென்று முட்டிக்கொள்ளும் யானை அபாயமானது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கமோ, மிதிபட்டுப் பழகாத பாதையோ எந்தப் படத்துக்காகவும் வேண்டாம்.

மறைப்பை நட்டு ஐந்து, ஏழு நாள் வெறுமனே விட்டுவிடுங்கள். பறவைகள் அதைப் பற்றையோடு பற்றையாக எண்ணப் பழகும். பிறகு விடியுமுன் உள்ளே போங்கள். போகுமுன் ரோச் அடித்து, நிலத்தில் படிந்த சாக்கு ஓரத்தைக் கம்பால் தூக்கிப் பாருங்கள். சருகு போட்ட சாக்கின் அடி கண்ணாடிப் புடையன் பாம்புக்கு மிகப் பிடித்த இடம். அதன் முதுகில் கோத்த நீள்வட்டத் திட்டுகளும் விளிம்பைத்தான் உடைக்கின்றன, அதுவும் உங்களைவிட நன்றாக.